திருத்தாத நோட்டீஸ்

பிரஸ்காரர் மகிமைதாஸ் கேட்டனுப்பினார்:
வருகிற வருஷத்து நாடகங்கள், ஒரே பக்கம்,
மொத்தம் எத்தனை எழுத்து வரும்?
எண்ணிச் சொல்ல உட்கார்ந்தேன்.
கன்டெய்னர் யார்டில் பகலெல்லாம் பெட்டி எண்ணுகிறவள்,
எழுத்து எண்ணத் தெரியாதா.

இடம்: கேரம் கிளப், கொருக்குப்பேட்டை,
ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.
எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள்.
நீங்கள் எங்கே நின்றாலும் அது அந்தப் பக்கம்தான்.
நேரம்: ஏழு மணி.
கூட்ஸ் போய்விட்டிருந்தால்.

விளக்கு, போர்டுக்கு மேலே தொங்குகிற அதே விளக்கு.
கயிற்றை இழுத்தால் நிலா, இன்னும் இழுத்தால்
ஆஸ்பத்திரி.
நரைக்கு போரிக் பவுடர். மிச்சம் போர்டுக்கு.

சித்திரையில், 'பாளம்'.
ஏலம் முடிந்த காசிமேட்டில் இரண்டு பெண்கள்,
நடுவில் ஒரு ஐஸ் பாளம், யாருடையது என்று வழக்கு.
நிஜப் பாளம். காட்சிக்கு ஒன்று.
அது கரைவதற்குள் வழக்கு முடிய வேண்டும்.
ஒத்திகையில் ரோஸ்லின் வசனத்தை இழுத்துவிட்டாள்.
மும்தாஜ் பதில் சொல்ல வாயெடுத்தபோது
தரையில் ஈரம்தான் இருந்தது.
அந்த ஈரத்துக்கும் இருவரும் அடித்துக்கொண்டார்கள்.
அதையே வைத்துக்கொண்டோம்.
முன்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கிக்கொள்ளவும்.

ஆனியில், 'முகூர்த்தம்'. எழுதியது ஆட்டோ எபினேசர்.
மாப்பிள்ளை கேட்டுக்கு இந்தப் பக்கம்,
பெண் அந்தப் பக்கம்,
நடுவில் நிலக்கரி, ஐம்பத்தெட்டு வேகன்.
ரயில் சத்தத்துக்கு ஆள் போடவில்லை,
அது தானாக வரும்.
வரும்போது இடைவேளை.

ஐப்பசி, கார்த்திகை: நாடகம் இல்லை.
முழங்கால் தண்ணீர் கூடத்துக்குள் வந்து
தன் வேடத்தைச் செய்துவிட்டுப் போகும்.
போன மழையில் சிம்மாசனம் மிதந்து
நாலு வீடு தள்ளிப் போய் நின்றது.
அவர்கள் ஒரு வாரம் அதன்மேல் ஸ்டவ் வைத்துச் சமைத்தார்கள்.
திருப்பிக் கேட்க வாய் வரவில்லை.
ராஜா இனி நின்றுகொண்டே ஆள்வார்.

தையில், 'எட்டு மணிக்கு வரச் சொன்னார்'.
ஏழு பேர் வேண்டும், ஆறு பேர் கிடைத்துவிட்டார்கள்.
இன்ஸ்பெக்டருக்குத்தான் ஆள் இல்லை.
தொப்பி தயார். கை மாறி கை மாறிப் போனது.
கன்னியப்பன் மீசையை எடுத்துவிட்டானாம்.
தேசப்பனுக்குத் தலை சின்னதாம்.
இன்னொருவன் பேசாமல்
ஸ்ட்ரைக்கரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

டில்லிபாபு வாங்கினான்.
போட்டுக்கொள்ளவில்லை, மடியில் வைத்துக்கொண்டான்.
"கத்தக் கூடாது" என்றான்.
"பேர் மட்டும் கேக்கணும்.
சொன்னதும் திரும்பக் கேக்கணும், அதே மாதிரி.
ரெண்டாவது தபா
உன் பேரு உனக்கே சந்தேகமா வரும்."
பிறகு தேசப்பனைப் பார்த்துக் கேட்டான்.
தேசப்பன் சிரித்தபடி சொன்னான்.
மறுபடி கேட்டான்.
தேசப்பன் எழுந்து நின்றுவிட்டான்,
கையைக் கட்டிக்கொண்டு.
டீ வாங்கி வந்த பையன் வாசலைத் தாண்டவில்லை.
யாரும் கைதட்டவில்லை.

அவன் எங்கே கற்றான் என்று
எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.
பத்தொன்பது வயதில், இரண்டு ராத்திரி.
பேட்டைக்கே தெரியும்.

இதெல்லாம் நோட்டீஸில் வராது, தெரியும் மகிமைதாஸ்.
பேரும் தேதியும் போடுங்கள்.
டிக்கெட் இல்லை, முடிவில் துண்டு ஏந்துவோம்.
நாற்காலி நாற்பது, அதில் மூன்று ஆடும்.
கைக்குழந்தைகள் அழலாம்.
மணலிக் காற்று அடித்தால் ஜன்னலைச் சாத்துவோம்,
வேர்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நடிகர் பட்டியலில் கடைசி வரி மட்டும் பாக்கி.
உன் பேர் போடட்டுமா என்று கேட்டேன்.
"தையில சொல்றேன்."
நோட்டீஸ் இப்போதே அடிக்கணுமே.
"அப்போ புள்ளி வெச்சுடு."

எத்தனை என்று சொல்லவில்லை.
ஐந்து வைத்திருக்கிறேன்.