எண் 318

சாரேமா தீவு, பிப்ரவரி.
அருங்காட்சியகக் கிட்டங்கியில்
பேசினால் புகை வருகிறது.
மேசைமேல் ஒரு மரக்கட்டை,
வயிற்றில் வளைந்த அலகு.

தொட்டி குடையும் இழைப்புளி என்கிறார் ஹெல்துர்.
பீப்பாய்க்குக் காடி வெட்டுவது என்கிறாள் ஆய்தா.
பைன் பலகையில் இழுத்துப் பார்த்தோம்;
சுருள் வரவில்லை,
ஒரு கீச்சுத்தான்.

படிவத்தில் ‘பெயர்’ என்ற கட்டம்
மூன்று வாரமாகக் காலி.

இன்று விளக்கைச் சாய்த்தபோது
பிடியில் தேய்ந்த குழிகள்:
கட்டைவிரலுக்கு வலப்பக்கம் ஒன்று,
மற்ற விரல்களுக்கு மூன்றே மூன்று.

கையுறையைக் கழற்றி
என் இடதுகையைப் பொருத்துகிறேன்.
சுண்டுவிரல் மட்டும்
இருக்க இடமில்லாமல்
மரத்தில் இடிக்கிறது.

கட்டத்தில் எழுதினேன்:
இடதுகைக்காரர். நான்கு விரல்.

“இது கருவியின் பெயரில்லையே” என்றாள் ஆய்தா.
அழிக்கச் சொல்லவில்லை.