குடம்பி

கிண்ணியா, மாஞ்சோலைச்சேனை.
காலை ஒன்பதரை, பதின்மூன்றாவது வீடு.
பிரிட்ஜின் பின்தட்டில் டோர்ச் அடித்தேன்.
நெளிந்தன.
எட்டு. இல்லை, ஒன்பது.
உறிஞ்சிப் போத்தலில் விட்டு
லேபலில் முகவரி எழுதினேன்.
"நல்ல தெளிஞ்ச தண்ணிதானே சேர்" என்றார் நசீஹா.
தெளிஞ்ச தண்ணிதான் வேணும் அதுக்கு.

அவரின் மகள்
திருகோணமலை ஆஸ்பத்திரியில்.
நேற்று எண்பத்திரண்டாயிரம், இன்று நாற்பத்தொன்று.
நெல் விலை சொல்வதுபோல்
தட்டையான குரலில் சொன்னார்.
அட்டையின் பின்புறம்
என் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.
ஏனென்று தெரியவில்லை.

சனிக்கிழமை கன்னியா.
வெந்நீர்க் கிணறுகளுக்கு அப்பால்
பற்றைக்காடு தொடங்கும் இடத்தில்
பழைய டயர் தேடிப் போனேன்.
ஈர மண்ணில் ஆறேழு வண்ணத்துப்பூச்சிகள்,
கறுப்பும் நீலமுமாய்,
மாட்டு மூத்திரம் ஊறிய உப்பைக்
குடித்துக்கொண்டிருந்தன.

எல்லாம் ஆண்.
அந்த உப்பைத்தான்
புணரும்போது பெட்டைக்குக் கொடுக்குமாம்,
முட்டைக்கு.

நுளம்பிலோ
ஆண் பூவில் தேன் குடிக்கும்.
ஒரு பிள்ளையையும் தொட்டதில்லை.
யாரும் அதைப் படம் வரைந்ததுமில்லை.
பெட்டைக்குத்தான் இரத்தம்,
அதுவும் முட்டைக்கு.

சிறுபராயத்தில் இரண்டுக்கும் பேர் குடம்பி.
விஞ்ஞானப் புத்தகத்துக்கு
ஒரு சொல் போதுமாயிருந்தது.
ஒன்றுக்கு நான் மருந்து போடுகிறேன்.
மற்றதன் பேரில்
உப்புவெளியில் ஒரு முன்பள்ளி;
சுவரெல்லாம் சிறகு.
போன மாதம் அதன் வாசல் பூச்சாடியில்
இருபத்துமூன்று பிடித்தேன்.

மணிக்கட்டில் ஏதோ ஊர்ந்தது.
மற்றக் கை தானாக ஓங்கியது,
தொழில் பழக்கம்.

நீலச் சிறகு.
சுருள் குழலை விரித்து
என் வியர்வையைத் துழாவிக்கொண்டிருந்தது.
கூச்சம், அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன்
எனக்குக் கடித்தது எங்கே, எப்போது,
ஒன்றும் தெரியாது.
கண்ணுக்குப் பின்னால் நோவு வந்த பிறகே
யாரோ வந்து போனது தெரிந்தது.
காலில் வெள்ளை வளையம் போட்டவள்,
சத்தமில்லாமல் நடக்கத் தெரிந்தவள்.

இது நேரமெடுத்துக் குடிக்கிறது.
ஓங்கிய கையை
எங்கே வைப்பதென்று தெரியாமல் நிற்கிறேன்.

சட்டைப் பையில் போன் அதிர்கிறது.
கண்ணை மட்டும் தாழ்த்திப் பார்க்கிறேன்:
கிண்ணியா, நசீஹா.

பை இருப்பது இடப்பக்கம்.
எடுக்க வேண்டிய கை,
சிறகு இருக்கிற கை.