இருபதுக்குப் பதினைந்து

சிம்மக்கல்லில் என் பிளக்ஸ் கடை.
ஷட்டரைப் பாதி இறக்கியபின்
குனிந்து உள்ளே வந்தார் தவசிராசு.
ஒன்றியம் ஒச்சப்பனுக்கு மணிவிழா;
இருபதுக்குப் பதினைந்தில் ஒன்று வேண்டும்.

எப்போதும்போல
அண்ணன் நடுவில், ஆகாயம் முட்ட.
கீழ்மூலையில் கைகூப்பித் தவசிராசு,
தீப்பெட்டி அளவு.

"கொஞ்சம் இழு" என்றார்.
மவுசைப் பிடித்து இழுத்தேன்.
"இன்னும்."
கூப்பிய கை அண்ணனின் வேட்டிக்கரையைத் தொட்டது.
அடுத்த இழுப்பில்
சட்டைப் பித்தானை.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் வீட்டம்மா:
"தோளுக்கு வந்தாச்சா?"
"வந்தாச்சு."
"அதோட நின்னுட்டா?"

மீன்முள் சிக்கியவர்போல எச்சில் விழுங்கினார்.
பதினெட்டு வருசம்
அண்ணனுக்குக் கார்க்கதவு திறந்துவிட்ட கை
என் மேசைமேல் தாளம் போட்டது,
வேறு யாருடைய கையோபோல.

நான்தான் கேட்டேன். ஏன் கேட்டேனோ.
"கும்பிடுற கைய எடுத்திரவா?"

அவர் ஆமாம் என்று சொல்லவில்லை.
மின்விசிறியைப் பார்த்தார்.
அட்வான்ஸ் கேட்காமலே
முழுத்தொகையையும் எண்ணி வைத்தார்.
திரையில் அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார்,
எல்லாப் படத்திலும் சிரிக்கிற அதே சிரிப்பு.

ராத்திரி முழுக்க மெசின் ஓடியது.
பூ மார்க்கெட் வண்டிகள் போகிற நேரத்தில்
சிவப்பு மை தீர்ந்ததென்று கத்தியது.
எழுந்துபோய்
இன்னொரு பாட்டில் ஊற்றினேன்.