நான்கு மில்லிமீட்டர்

பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி எழுபதைத் தொட்டால்
ஹேண்டில் ‘இல்லை’ என்று தலையாட்டும்.
எழுபத்தைந்தில் இன்னும் தீர்மானமாக
இல்லை இல்லை இல்லை.

ஆம்பூரிலிருந்து தோல் ஏற்றி வந்த லாரி முந்தும்.
அதன் காற்று தோளில் கைவைத்துத் தள்ளும்.
பின்னால் நீலப் பெட்டியில் ஐஸ், அறுபத்திரண்டு குழாய்கள்.
ஒடுகத்தூர், அணைக்கட்டு, மாதனூரில்
காலைக் காபியைத் தள்ளிவைத்து
எனக்குக் கை நீட்டியவர்களின் ரத்தம்.
அதிகம் குலுங்கினால் செல் உடையும்,
உடைந்தால் பொட்டாசியம் பொய் சொல்லும்,
லேபில் நிஷாந்தினி ஒரே வார்த்தை எழுதுவாள்: மறுபடி.
மறுபடி என்றால்
மறுபடியும் ஒடுகத்தூர், மறுபடியும் ஊசி,
‘நேத்துதானே எடுத்தீங்க’.

கொணவட்டத்தில் முனவ்வர் வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை.
“கம்பெனி செட்டிங் மேடம். பெட்டிய எடுங்க, சரியாயிடும்.”
பெட்டிதான் என் சம்பளம் என்றேன்.
சிரித்துக்கொண்டே ஸ்டியரிங் பேரிங்கை இறுக்கினார்.
மறுநாள் அது தலையாட்டவில்லை.
பதிலாக, குடித்தவன்போல்
இந்தப் பக்கம் ஒரு யோசனை
அந்தப் பக்கம் ஒரு யோசனை.
நானே கால் திருகு தளர்த்தினேன்.

பிறகு ஒரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில்
காலி ஸ்ட்ரெச்சர் ஒன்று என்னைக் கடந்து போனது.
அதன் சின்னச் சக்கரம்
தண்டுக்கு நேர் கீழே இல்லை.
இரண்டு விரல் பின்தங்கி வருகிறது.
பின்தங்குவதால்தான் நேராக வருகிறது.

என் வண்டிக்கும் அப்படி ஒரு பின்தங்கல் இருக்கிறது.
ஸ்டியரிங் தண்டின் கோட்டை நீட்டினால் ரோட்டைக் குத்தும் இடம் ஒன்று,
டயர் ரோட்டைத் தொடும் இடம் இன்னொன்று.
இடையில் அரைச்சாண்.
அந்த அரைச்சாணில்தான் நான் உயிரோடு வீடு வருகிறேன்.
இருபது கிலோ பின்னால் ஏறியதும்
வண்டி முகத்தைத் தூக்கிக்கொண்டுவிட்டது.
முன்டயர் தரையை மிதிக்கவில்லை,
தடவிக்கொண்டு போனது.

முதலில் காற்று.
பங்க்கில் எல்லா வண்டிக்கும் முப்பது காட்டும் மீட்டர்.
வேலூரில் குளிர் என்று சொல்லக்கூடிய அந்த அரைமணி நேரத்தில்
என் சொந்த மீட்டரில் முன்னால் பதினெட்டு.
பின்டயரோ நடுவில் தேய்ந்து தோசைக்கல்.
வளைவில் சாயச் சொன்னால்
விளிம்புவரை வந்து நின்று யோசித்துவிட்டுக் குதிக்கும்.
புதுசு வாங்கினேன். அந்த மாதம் சீட்டு கட்டவில்லை.
பின் ஷாக்கில் ஸ்பிரிங்கை இரண்டு பல் ஏற்றினேன்.

ஞாயிறு, சத்துவாச்சாரி, அபார்ட்மென்ட் பார்க்கிங்.
முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி,
கிளாம்ப் போல்ட்டுகளைத் தளர்த்தி
ஃபோர்க் குழாய்களைப் பத்து மில்லி மேலே தள்ளினேன்.
செகரெட்டரி உத்தமராஜ் வந்து
ஆயில் கறையை யார் துடைப்பார்கள் என்று மட்டும் கேட்டார்.

பத்து அதிகம்.
ஒடுகத்தூர் வளைவில் நான் நினைப்பதற்கு முன் திரும்பியது.
கோழிக்குத் திரும்பியது, குழிக்குத் திரும்பியது,
என் தும்மலுக்கும் திரும்பியது.
அடுத்த ஞாயிறு ஏழு.
அதற்கடுத்த ஞாயிறு மழை.
பிறகு நான்கு.
இடமும் வலமும் இம்மி பிசகாமல் அளந்து
குழாயில் மெரூன் நெயில்பாலிஷால் ஒரு கோடு போட்டேன்.
ஊசி போடும் கைக்கு நகப்பூச்சு கூடாது.
அந்தப் பாட்டில் இரண்டு வருடமாகச் சும்மா இருந்தது.

திங்கள். டோல்கேட்.
எழுபது. எழுபத்தைந்து.
லாரி வந்தது, தோளைத் தொட்டது, போனது.
எண்பதுக்குப் பக்கத்தில் ஹேண்டில் லேசாக அசைந்தது.
ஆமாமா, இல்லையா,
நம்மூர்த் தலையாட்டலில் என்ன தெரியும்.
எழுபதுக்கே இறங்கிவிட்டேன்.
பெட்டிக்குள்
குழாய்கள் ஒன்றோடொன்று பேசவில்லை.