கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம்

இரவு ஏழரைக்குப் பிறகு
பிள்ளையோடு தாய் மட்டும் நிற்கலாம்.
காவலுக்கு நின்ற தம்பி
முகத்தைப் பாராமலே சொன்னான்.
எத்தனை தகப்பன்மாருக்குச் சொல்லியிருப்பான்.

பெரியாஸ்பத்திரி. மார்கழி மழை.
விறாந்தை முழுக்க ஈரச் செருப்புகள்.
வாங்கிலில் நான்,
மடியில் இரண்டு செவ்விளநீர்.

பின்னேரம் ஐம்பத்திரெண்டாயிரம்.
எட்டு மணிக்கு முப்பத்தொன்று.
ஆயிரம் என்ற சொல்லை இப்போது
யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.
குருநகர் ஐஸ் கொம்பனியில்
பதினாறு வருசம் எண்ணிக் கொடுத்தவன் நான்:
இத்தனை கட்டி, இத்தனை வள்ளம், இத்தனை கடன்.
எந்த எண்ணும் என்னை
இப்படிப் பிடித்து உலுக்கியதில்லை.

நுளம்பு எங்கே பெருகியதென்று தேடி
பீ.எச்.ஐ. ஐயா வீட்டுக்கு வந்தாராம்.
கோடிக்குள் ஒரு சிரட்டை.
பிறகு, மாதா சொரூபத்துக்கு முன்னால்
பூச்சாடியில் நாலு நாள் தண்ணீர்.
அதிலும் புழு நெளிந்ததாம்.

கேட்டபோது சிரிப்பு வந்தது.
பிறகு வரவில்லை.
மாதாவே,
உமக்கு வைத்த பூவிலிருந்தா?

எமிலியானுஸ் அண்ணர் போன் எடுத்தார்.
"கடவுள் நல்லவர் தம்பி, பயப்படாதை."
ஓம் என்றேன்.
வைத்த பிறகும் அந்தச் சொல்
தொண்டையில் மீன்முள்ளாய் நின்றது.
விழுங்க ஏலவில்லை.
துப்பவும் மனமில்லை.

பதினொரு மணிக்கு
ஒன்பதாம் கட்டில் பொடியனைத்
தள்ளிக்கொண்டு ஓடினார்கள்.
அவன் தகப்பன், புங்குடுதீவுக்காரன்,
எனக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தான்.
எழும்பி ஓடினவன்
ஒரு செருப்பை விட்டுவிட்டான்.
நான் அதை எடுத்து
நனையாத இடத்தில் வைத்தேன்.
அதைத் தவிர அந்நேரம்
எனக்கு ஒரு செபமும் வரவில்லை.

நடுச்சாமம் தாண்டி
கம்பிக்கு அங்கால் ஒரு கை.
றொசலின்.
தலை குழம்பி, சட்டையில் சத்தி மணம்.
ஒரு துண்டுக் காகிதம் நீட்டினாள்:
பத்தொன்பது.

இளநீர் கம்பிக்குள்ளால் போகவில்லை.
வெட்டிப் போத்தலில் ஊற்றினேன்.
பாதி நிலத்தில்.

"மிஸ்ஸி நல்ல பிள்ளை, பொலனறுவைக்காரி.
அரைமணிக்கொருக்கா நாடி பாக்கிறா.
மெலனி நித்திரை.
நீங்களும் கொஞ்சம் படுங்கோ.
நான் நிக்கிறன்தானே."

நான் நிக்கிறன்தானே.

விறாந்தை வெளிச்சம் முடிகிற இடத்தில்
அவள் மறைந்தாள்.
அங்கிருந்து கட்டில் எத்தனை அடி,
யன்னல் எந்தப் பக்கம்,
பிள்ளை எப்படிச் சரிந்து படுத்திருக்கிறாள்,
ஒன்றும் தெரியாது.
அவளைத் தெரியும்.
பிள்ளைக்குக் காய்ச்சலென்றால்
கண்மூடாதவள் அவள்.

ஆண்டவரே,
ஒழுங்காகக் கேட்க எனக்குத் தெரியவில்லை.
எண் ஏறுமென்று நீர் வாக்குத் தரவில்லை.
ஒன்பதாம் கட்டிலுக்கும் தரவில்லை.
நினைத்தால் கோபம்தான் வருகிறது,
அதையும் நீரே வைத்துக்கொள்ளும்.
நான் காணாத அந்தக் கட்டிலடியில்,
பொடியனைக் கொண்டுபோன இடத்திலும்,
நீர் நிற்கிறீர் என்றால்,
நின்றால் போதும் என்று சொல்ல மாட்டேன்,
போதாது.
ஆனாலும்
நான் கொஞ்சம் படுக்கிறேன்.

சாரத் தலைப்பால் வாங்கிலைத் துடைத்தேன்.

விடிய ஐந்தரைக்கு எழுப்பியது
றொசலின் இல்லை, கோயில் மணியும் இல்லை.
காதடியில் ஒரு நுளம்பு.
அடித்தேன்.
உள்ளங்கையில் ஒரு சொட்டு இரத்தம்,
யாருடையதோ.

கம்பிக்கு அங்கால்
இன்னும் ஒருவரும் வரவில்லை.
மழை விட்டிருந்தது.
புங்குடுதீவுக்காரன்ரை செருப்பு
வைத்த இடத்திலேயே
காய்ந்து கிடந்தது.