பத்தொன்பதாம் நாள்

தரமணி ஆய்வகம், இரவு ஒன்பதரை.
வெளியே பறக்கும் ரயில் காலிப் பெட்டிகளோடு போகிறது.
கண்ணாடித் தட்டில் எலியின் மூளைச் செல்கள்
வேர்விட்டுக் கிடக்கின்றன.
பச்சை ஒளி செல்லின் நடுவே கலங்கித் தெரிந்தால்
ஏற்பி இன்னும் வீட்டுக்குள் இருக்கிறது.
ஓரத்தில் கோடாக மின்னினால்
வாசலுக்கு வந்துவிட்டது.

கொண்டுவந்து நிறுத்துவது ஒரு சின்னப் புரதம்.
பி-பதினொன்று.
கைதிக்குப் போல வெறும் எண்.

எர்ணாவூரில் எங்கள் தெருவுக்குத்
தண்ணி லாரி வரும்.
செரட்டோனின் அந்தத் தண்ணி என்று வைத்துக்கொள்ளுங்கள்.
அண்ணன் ஜெயசீலன் விழுங்கும் மாத்திரை
லாரியைச் சீக்கிரம் கிளம்பவிடாமல்
முனையிலேயே நிறுத்திவைக்கும்.
அதை முதல் நாளே செய்துவிடும்.
குடமெல்லாம் அடுக்களையில் கவிழ்ந்து கிடந்தால்?
ஹோஸ் பைப் ரோட்டைத்தான் கழுவும்.
யாராவது தூக்கிவந்து வெளியே வைக்க வேண்டும்.
அந்த யாராவது
மெல்லத்தான் பெருகுகிறான், வாரக்கணக்கில்.

இதை நான் அவனிடம் சொன்னதில்லை.
"பதினெட்டு நாளாச்சு, ஒண்ணும் ஆவல"
என்றான் நேற்று, சுவரைப் பார்த்து.
எலிக்கு ஆகுது என்றா சொல்வேன்?
தட்டில் இருப்பது செல். துக்கம் இல்லை.
அதற்குக் கன்டெய்னர் யார்டில் வேலை போகவில்லை,
அதன் மனைவி மாதவரத்துக்குப் போய்
போனை எடுக்காமல் இருக்கவில்லை.

காலையில் லாரி வந்தபோது நான் பஸ்ஸில்.
பக்கத்து வீட்டு ஷம்ஷாத் கூப்பிட்டாள்:
"உங்கண்ணன் வெளிய வந்தாருக்கா, கைலியோட.
ஒரே ஒரு கொடம், அந்த நீலம்,
வரிசையில வெச்சாரு.
ரொப்பாமலே உள்ள பூட்டாரு.
நான்தான் புடிச்சு வெச்சேன்."
கண்டக்டர் இரண்டு முறை
சில்லறை கேட்டிருக்கிறார்.

ஒரு குடத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.
மாதிரி அளவு ஒன்று.
ஒப்பிட வேறோர் அண்ணன் கிடையாது.
தூக்கம் வராமல் எழுந்திருக்கலாம்,
ஷம்ஷாத் கதவைத் தட்டியிருக்கலாம்.
ஆய்வேட்டில் எழுதினால் மேடம் சிவப்பில் சுழிப்பார்.

இருந்தாலும் குறிப்பேட்டில்
செல்களின் எண்ணிக்கைக்குக் கீழே
பென்சிலால் எழுதுகிறேன்:
நாள் 19. நீலம். ஓரத்தில்.

இன்குபேட்டரைச் சாத்துகிறேன். முப்பத்தேழு டிகிரி.
நாளைக்கு லாரி இல்லை.
நாளை மறுநாள்.