தன் கணக்கு

லாரி மேடையில் ஏறும்போது
என் மேசை கொஞ்சம் நடுங்கும்,
கோப்பி கோப்பைக்குள் வட்டம் போடும்.
எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து
பொத்தானை அமுக்குவது என் வேலை.
பாரத்தோடு இவ்வளவு, வெறும் வண்டி இவ்வளவு,
கழித்தால் செம்பனைக் குலை.
லாபிஸில் எட்டு வருஷமாய் இதுதான்.
கழித்தல் மட்டுமே தெரிந்த கிராணி.

இரவு வேலையில் இரண்டு மணிக்குப் பிறகு
லாரி வராது. கொசு வரும்.
அப்போதுதான் மடிக்கணினியைத் திறப்பேன்.
வீடியோவில் ஒருவன்
கேக் அச்சைக் காட்டினான்: இது கிளாஸ்.
கேக்கைக் காட்டினான்: இது ஆப்ஜெக்ட்.
எனக்கு ஏறவில்லை.

எடைச்சீட்டுக் கட்டை எடுத்து வைத்தேன்.
நிரப்பாத சீட்டு:
லாரி எண், ஓட்டுநர், உள் எடை, வெளி எடை.
நான்கு கோடு, நான்கும் காலி.
இதை யாரும் எடை போட முடியாது.
ஒன்றைக் கிழித்து
ஜே.எம்.எஃப் 4417 என்று எழுதிய நொடியில்
அது கோபிதரனின் லாரி,
இடது விளக்கு எரியாத லாரி,
பதினோரு டன் நானூறு கிலோ.
அட, இவ்வளவுதானா
என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.
வாசலில் படுத்திருந்த நாய் தலை தூக்கிப் பார்த்தது.

அகராதியில் கிளாஸ் என்றால் வகுப்பு.
அது நான் ஐந்தாம் படிவத்தோடு விட்டது.
ஆப்ஜெக்ட் என்றால் பொருள்.
பொருள் என்றால் சாமான், பொருள் என்றால் பணம்,
பொருள் என்றால் அர்த்தமும்.
மூன்றும் ஒரே சொல்லுக்குள் இருப்பது
தமிழுக்கு வசதி.
சம்பள நாளில் எங்களுக்கு இல்லை.

இரண்டாம் வாரம் ஆட்களை எழுதினேன்.
கிளாஸின் பெயர் அறுவடையாள்.
பெயர், வெட்டிய குலை, தண்டம்.
காயாக வெட்டினால் குலைக்கு ஐந்து வெள்ளி.
தண்டத்துக்கு ஒரு பட்டியல் வேண்டும்,
அதைக் கிளாஸின் முதல் வரியில் வைத்தேன்;
அங்கேதான் இடம் இருந்தது.
மொமின். ஷஃபிகுல். வாஹ்யு. நம்ம அரிராமன்.

மொமின் மூன்று காய்க்குலை வெட்டினான் என்று
சும்மா சோதனைக்கு எழுதி ஓட்டினேன்.
மொமினுக்கு ஐந்து, ஐந்து, ஐந்து.
ஷஃபிகுலுக்கும் ஐந்து, ஐந்து, ஐந்து.
வாஹ்யுவுக்கும்.
காய்ச்சலில் படுத்திருந்த அரிராமனுக்கும்.

மூன்றரை மணி வரை தேடினேன்,
வரி வரியாக, புள்ளி புள்ளியாக.
பட்டியல் ஒன்றுதான்.
நால்வரும் அதையே கைகாட்டிக்கொண்டு நின்றார்கள்.
ஒருவன் பேரில் எழுதினால்
எல்லார் மேலும் மை.

கோளாறு பிடிபட்ட பிறகுதான்
அது எனக்குப் பழக்கமானது என்று உறைத்தது.
நான்காம் பிளாக்கில் மண்டோர்
போன மாதம் இதைத்தானே செய்தார்?
ஒரு குலை காய், கும்பல் முழுக்கத் தண்டம்.
யார் வெட்டியது என்று கேட்க
அவருக்கு நேரமில்லை.
நானும் கேட்கவில்லை.
கூட்டிக் கழித்துக் கையெழுத்துப் போட்டேன்.

திருத்தம் ஒரே வரி.
பட்டியலை மேலேயிருந்து எடுத்து
ஆள் பிறக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.
முன்னால் செல்ஃப் என்று ஒரு சொல், பிறகு ஒரு புள்ளி.
செல்ஃப். நம் மொழியில் தன்.
தன் பெயர். தன் குலை. தன் தண்டம்.
மறுபடி ஓட்டினேன்.
மொமினுக்கு அதே மூன்று ஐந்து.
மற்ற மூவருக்கும் வெறும் அடைப்புக்குறி,
உள்ளே ஒன்றுமில்லை.
அவ்வளவு அழகான ஒன்றுமில்லையை
நான் பார்த்ததே கிடையாது.

ஆறு மணிக்கு முதல் லாரி. மேசை நடுங்கியது.
மாதக் கடைசிப் படிவம் அதன் மேல் கிடந்தது:
தண்டம் என்ற கட்டம்
இன்னும் கும்பலுக்கு ஒன்றுதான்.

டிராக்டர் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது,
தலைத்துணியும் நீளக் கம்பு அரிவாளுமாய்,
பனியில் எல்லாரும் ஒரே மாதிரி.
எட்டு வருஷத்தில்
எனக்குத் தெரிந்தது பெயரும் எண்ணும்தான்,
முகம் தெரியாது.
ஜன்னலைத் திறந்து
மொமின் என்று கத்தினேன்.

ஒருவன் மட்டும் திரும்பினான்.